ரன் என்றது வெள்ளைக்கிளி

பாய்மரக் கப்பல்கள் மட்டுமே கடல் தாண்டிய முன்னொரு காலத்தில், நெய்தல்புரி என்றொரு நாடு இருந்தது. அந்நாட்டு அரசன் வேல்மாறனுக்கு ஒரே தங்கை, நித்திலவல்லி. அவளைப் பெண் கேட்டு வந்தான் மந்திரவாதி காரிருளன். "முடியாது" என்றான் அரசன்.

அவ்வளவுதான்! ஆற்றுப் படித்துறையில் நின்ற அரசன் நின்றபடியே கல்லானான். "ஆற்று நீர் இவன் காலை நனைத்தால் உயிர் வரும். பௌர்ணமிக்குள் வராவிட்டால் நீ எனக்குத்தான்!" என்று நித்திலவல்லியிடம் சிரித்தான் மந்திரவாதி. சிரித்தவன் ஆற்றையும் கட்டிப்போட்டான். நீர் கண்ணாடிபோல் இறுகியது. மொள்ளப் போனவர்களின் குடம்தான் உடைந்தது.

பௌர்ணமியும் வந்தது. படித்துறையில் கல்லான அண்ணன் அருகே அழுதுகொண்டிருந்த நித்திலவல்லியிடம், ஆங்கிலேய மாலுமி விட்டுப்போன வெள்ளைக்கிளி பறந்து வந்தது.

"இளவரசி, எங்கள் ஊர் மந்திரச் சொல் ஒன்று தருகிறேன். தொட்டுக்கொண்டு 'ரன்' என்று சொல்."

"அப்படியென்றால்?"

"ஓடு என்று அர்த்தம்."

அண்ணன் ஓடி வந்துவிடுவான் என்று, அவன் தோளைத் தொட்டு, "ரன்!" என்றாள். கல் அசையவில்லை. தோளில் கிடந்த பட்டிலிருந்து சிவப்புச் சாயம் வழிந்தது.

"ரன் என்றால் இதுவா?" என்று திரும்பியவளின் கை, பின்னால் நின்ற மந்திரியின் மூக்கில் பட்டது. மூக்கு ஒழுகத் தொடங்கியது. "என்னம்மா செய்தீர்கள்?" என்று தும்மினார் மந்திரி.

தலை சுற்றியது அவளுக்கு. படித்துறையோரம் பூட்டிக் கிடந்த ஒரு கடையின் கதவில் சாய்ந்து, "ரன்... ரன்..." என்று முணுமுணுத்தாள். கதவு திறந்தது, தராசு தானே ஏறி இறங்கியது, வியாபாரம் ஜோராக நடந்தது!

"கிளியே, ஓடு என்றுதானே சொன்னாய்?"

"ஆமாம். எங்கள் ஊரில் சாயம் ஓடும், மூக்கு ஓடும், கடை ஓடும்."

"எங்கள் ஊரில் சாயம் போகும், மூக்கு ஒழுகும், கடை நடக்கும்!"

"நடக்குமா? காலில்லாத கடை எப்படி நடக்கும்?"

"காலில்லாமல் உங்கள் ஊரில் எப்படி ஓடுகிறது?"

கிளியும் குழம்பிப் போனது.

"சரி, காலில்லாமல் எங்கள் ஊரிலும் ஓடுவது எது?" என்று யோசித்தவள் துள்ளி எழுந்தாள். "ஆறு! உங்கள் ஊரில்?"

"ஆறும் ஓடும் இளவரசி, ஆறும் ஓடும்!"

அதற்குள் மந்திரவாதி மாலையும் கையுமாக, இறுகிய ஆற்றின்மேல் நடந்து வந்துகொண்டிருந்தான். நித்திலவல்லி படியில் மண்டியிட்டு, நீரைத் தொட்டு, அடிவயிற்றிலிருந்து கூவினாள்.

"ரன்!"

கண்ணாடி நொறுங்கியது. ஆறு பொங்கி ஓடியது. மாலையோடு மந்திரவாதியை வாரிக் கடலில் சேர்த்தது. ஓர் அலை எழும்பி, அரசனின் கால்களை நனைத்தது.

கல் கண்கள் சிமிட்டின.

"நித்திலா," என்றான் வேல்மாறன், "தாகமாக இருக்கிறது."

அவள் இரு கைகளாலும் நீரை அள்ளிக் கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை அவளுக்கு அழுகையும் நிற்கவில்லை, சிரிப்பும் நிற்கவில்லை. அதன்பின் அண்ணனும் தங்கையும் ஒன்றாகவே அரியணையில் அமர்ந்து நெடுங்காலம் ஆண்டார்கள். நாடும் நன்றாக இருந்தது.