வட்டத்துக்குள் ஆறு வருடம்

நான் மருத்துவக் கல்லூரியில் கிருமி வளர்க்கும் தட்டுகளைக் கழுவினவன். மனைவி செண்பகத்துக்குப் பரமக்குடி ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. அவள் கடிதத்தில் மல்லித்தூள் வாசம் இருக்கும். அது போகும்வரை தலையணைக்கடியில் வைத்திருப்பேன். ஆறு வருடமாக அவள் ஊருக்கு மாற்றல் கேட்டும் தலைமை டாக்டர் ரங்கசபாபதி கையெழுத்துப் போடவில்லை.

ஒருநாள் மருத்துவத் துறை இயக்குநர் பார்வையிட வந்தார். ஒரு தட்டில் மருந்து வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் வெறும் வட்டம். டாக்டர் என்னைக் கேலியாகக் கூப்பிட்டார்.

“ஏய் எட்டாங்கிளாஸ், இந்த மருந்து என்ன செய்யுதுன்னு ஐயாவுக்குச் சொல்லு. சரியாச் சொல்லிட்டா இப்பவே உனக்கு மாற்றல்!”

“இது கிருமியைக் கொல்லாதுங்க ஐயா. உயிரோடதான் வச்சிருக்கும், குடும்பம் பெருக விடாது. டாக்டர் ஐயா என்னை வச்சிருக்கிற மாதிரி.”

இயக்குநர் வாய்விட்டுச் சிரித்தார். “சரியாத்தான் சொல்றே. மருந்தை எடுத்துட்டா?”

“மறுபடி பெருகும். சந்தேகம்னா என்னை ஊருக்கு அனுப்பிப் பாருங்க.”

டாக்டர் முகம் கறுத்துக் கையெழுத்துப் போட்டார்.

மறுவருடம் மகள் பிறந்தாள். ‘சோதனை முடிவு: பெண்’ என்று டாக்டருக்குத் தபால் கார்டு போட்டேன். பதில் வரவில்லை. போன ஆறு வருடமும் திரும்பி வரவில்லை.