இடந்தலைக்கு ரவை

அன்று கூடத்தில் இருந்தவர்கள் நாலு பேர். மிருதங்கம் சொல்லித்தரும் தையல்நாயகி டீச்சர். கற்றுக்கொள்ளும் அருளாளன் சார். நர்ஸ் ஸ்டெல்லா. தாளம் போட டீச்சரோடு வரும் நான். ஜன்னல் மேடையில் ஒரு தட்டு. அதில் எட்டுக் குழிப்பணியாரம், ஆளுக்கு இரண்டு.

சாருக்கு வயது முப்பத்தேழு. டீச்சர் அவரைவிடப் பத்து வயது சின்னவர். சார் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். ஓடினால்தான் சாப்பிடலாம் என்று தனக்குத்தானே விதி வைத்துக்கொண்டு, கடைசியில் ஓடவும் முடியாமல் சாப்பிடவும் முடியாமல் இந்த மருத்துவமனைக்கு வந்தவர். இதுவும் ஒரு நோய், இதற்கும் வைத்தியம் உண்டு என்பது இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

வைத்தியத்தோடு சேர்த்து, தினமும் மூன்று மணிக்கு மிருதங்க வகுப்பு. நாலு மணிக்கு வகுப்பில் இருப்பவர்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பலகாரம் சாப்பிட வேண்டும். டாக்டர் வைத்த முறை அது.

மூன்று நாளாகச் சார் தட்டைத் தொடவில்லை.

அவர் வருவதற்கு முன் ஸ்டெல்லா டீச்சரிடம் சொன்னார்: “இன்னிக்கும் தொடலைன்னா நாளையிலேருந்து வகுப்பு கிடையாதாம். உடம்பு தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.”

“சாருக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“தெரிஞ்சும்தான்.”

சார் வந்தார். மிருதங்கத்தின் முன் உட்கார்ந்தார். ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை.

டீச்சர் கேட்டார்: “வகுப்பு வேணுமா, வேண்டாமா சார்?”

“என்ன டீச்சர் இப்படிக் கேக்கிறீங்க? இந்த இடத்துல எனக்குப் பிடிச்சது இது ஒண்ணுதான்.”

“அப்புறம் ஏன் தட்டைத் தொடலை?”

“மூணு நாளும் தப்பா வாசிச்சேனே.”

டீச்சருக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

“இங்க ஓட விட மாட்டேங்கிறாங்க. அதனால கணக்கை இதுக்கு மாத்திக்கிட்டேன். தப்பில்லாம வாசிச்சா சாப்பிடலாம். தப்பு வந்தா கிடையாது.” கொஞ்சம் நிறுத்தி, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார்: “முதல்ல வேலை, அப்புறம் சாப்பாடு. இதுல என்ன தப்பு டீச்சர்?”

 டீச்சர் பக்கத்தில் இருந்த ரவைக் கிண்ணத்தைக் கையில் எடுத்தார்.

மிருதங்கத்தின் இடது பக்கமான இடந்தலை வெறும் தோல். ரவையைத் தண்ணீரில் பிசைந்து அதன் நடுவில் அப்பினால்தான் ‘தொம்’ என்ற கனத்த சத்தம் வரும். வாசித்து முடித்ததும் வழித்துவிட வேண்டும். சார் ரவையைத் தொடுவதில்லை. விரலில் ஒட்டினால் அவருக்கு ஆகாது. தினமும் டீச்சர்தான் அப்புவார்.

அன்று அவர் கிண்ணத்தைக் கொண்டுபோய்ப் பணியாரத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார்.

“வாசிங்க சார்.”

“ரவை?”

“முதல்ல அது ஒழுங்கா ஒரு தொம் சொல்லட்டும். அப்புறம் அப்பலாம்.”

சார் என்னைப் பார்த்தார். நான் தாளத்தைத் தொடங்கினேன். அவர் இடந்தலையில் தட்டினார். டப் என்றது.

“தகர டப்பா மாதிரி இருக்கே!” என்று ஸ்டெல்லா சிரித்தார்.

“இன்னொரு தடவை,” என்றார் டீச்சர்.

டப்.

“பலமா.”

சார் பலமாகத் தட்டினார்.  டப்.

டீச்சர் குனிந்து மிருதங்கத்தைத் திட்ட ஆரம்பித்தார்: “சோம்பேறி. நேத்துதானே அவ்வளவு ரவை போட்டேன்? அதுக்குள்ள என்ன கேடு உனக்கு? மத்த மிருதங்கமெல்லாம் உன்னைப் பார்த்துச் சிரிக்கும்.”

சார் முதலில் சிரித்தார். டீச்சர் நிறுத்தவில்லை. “ஒரு சொல் ஒழுங்கா வரலை. உனக்கெல்லாம் எதுக்கு ரவை? வாசிங்க சார், அது கெஞ்சுற வரைக்கும் வாசிங்க.”

சார் கையை எடுத்துவிட்டார்.

“அதை ஏன் டீச்சர் திட்டுறீங்க? அது மேல என்ன தப்பு?”

“அப்ப உங்க கை மேல தப்பா?”

“கை மேலயும் இல்லை. வெறும் தோலு அது. ஒண்ணுமே போடாம தொம் சொல்லு, தொம் சொல்லுன்னா, பாவம், அது எங்கே போகும்?”

 என் கை ஐந்தாம் எண்ணிக்கையில் நின்றிருந்தது. அப்படி நான் நிறுத்துவதில்லை.

டீச்சர் எழுந்துபோய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து சாரின் முன் வைத்தார்.

“நீங்களே போடுங்க.”

சார் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு விரலால் ரவையைத் தொட்டார். தண்ணீர் தெளித்துப் பிசைந்தார். தோலின் நடுவில் வைத்து, வட்டமாக, ஓரம் ஓரமாகத் தேய்த்தார்.

“எவ்வளவு போடணும் டீச்சர்?”

“தட்டிப் பாருங்க. அதுவே சொல்லும்.”

தட்டினார். போதவில்லை. இன்னும் கொஞ்சம் வைத்தார். தட்டினார்.

தொம்.

“அடேயப்பா,” என்றார் ஸ்டெல்லா.

மறுபடி தாளம் போட்டேன். சார் வாசித்தார். இரண்டு ஆவர்த்தனம் சுத்தமாக வந்தது. மூன்றாவதில் ஒரு சொல் தவறியது. எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டது. கை நின்றது. முகம் சுருங்கியது. அவர் கணக்குப்படி அன்றைக்கும் கிடையாது.

டீச்சர் ரவை வழிக்கும் தகட்டை எடுத்தார்.

“தப்பு வந்துருச்சே சார். போட்டதை வழிச்சிடவா?”

சாரின் உள்ளங்கை சட்டென்று இடந்தலையை மூடிக்கொண்டது.

“வேண்டாம்.”

“தப்பா வாசிச்சுதே.”

“இருக்கட்டும் டீச்சர். எடுக்காதீங்க.”

டீச்சர் தகட்டைக் கீழே வைத்தார். மணி நாலு. ஸ்டெல்லா தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். நாங்கள் மூவரும் எடுத்துக்கொண்டோம். ஸ்டெல்லா தன் பையனுக்கு முன்பல் விழுந்த கதையைச் சொன்னார். டீச்சர் சிரித்தார். யாரும் சாரைப் பார்க்கவில்லை.

சார் தன் விரல்களைப் பார்த்தார். ரவை காய்ந்து ஒட்டியிருந்தது. அதைக் கழுவவில்லை. இன்னொரு கையால் ஒரு பணியாரத்தை எடுத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு சாப்பிட்டார். நடுவில் ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டார். ஸ்டெல்லா கதையை நிறுத்தவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு டீச்சர் தகட்டால் இடந்தலையை வழிக்கத் தொடங்கினார்.

சார் கேட்டார்: “நல்லாத்தானே இருக்கு? நாளைக்கும் இதையே வச்சு வாசிக்கக் கூடாதா?”

“ராத்திரியிலே காஞ்சு போயிரும் சார். நாளைக்குப் புதுசாத்தான் போடணும்.”

“தினமுமா?”

“தினமும்தான். நான் வர்றதுக்கு முன்னாடி பிசைஞ்சு வைங்க.”

 சார் கிண்ணத்தை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

தட்டில் மிச்சம் ஒன்று.