சங்கரலிங்கம் தாத்தாவோட பல்செட்டு மலை ஏறின கதை

காலை நீட்டிப் படு. போர்வையை உதைக்காத. அத்தை கதை சொல்லணும்னா நீ "ம்" கொட்டணும், கொட்டலைன்னா பாதியிலயே நிறுத்திடுவேன். சரியா?

ஒரு மலைக்குக் கீழ ஒரு ஊரு, அந்த ஊர்ல ஒரு தாத்தா. பேரு சங்கரலிங்கம். அவர் வாயில சொந்தப் பல்லுன்னு ஒண்ணுகூடக் கிடையாது. ஆனா சிரிச்சா வாய் நிறையப் பல்லு! எப்படி? மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, பல்செட்டு.

"ம்."

அந்தப் பல்செட்டை அவரு பச்சைப்புள்ளையாட்டம் பாத்துக்குவாரு. தெனம் ராத்திரி கழட்டுவாரு, சளக்! ஒரு கிண்ணத்துல தண்ணி வெச்சு, அதுக்கு மேல பிடிச்சுக்கிட்டு மெத்துன்னு இருக்கற பிரஷ்ஷால தேய்ப்பாரு. கை வழுக்குனாலும் தண்ணியிலதான விழும், உடையாது. அப்புறம் ஒரு டப்பாவுல பச்சைத்தண்ணி ஊத்தி அதுக்குள்ள போட்டு மூடிடுவாரு. சுடுதண்ணி மட்டும் ஆகவே ஆகாது. கோணிக்கும். கோணிப்போன செட்டு வாயில உக்காருமா? உக்காராது.

அவங்க வீட்ல ஒரு வழக்கம். வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாரும் மலை ஏறி, உச்சியில அம்மனுக்குத் தேங்காய் உடைக்கணும். வீட்டுக்குப் பெரியவங்க யாரோ அவங்க முதல் சில்லைக் கடிக்கணும். கடக்! அந்தச் சத்தம் கேட்டாத்தான் மத்தவங்க தின்னலாம். கடிக்க முடியலைன்னு வெச்சுக்கோ, அடுத்த வருஷத்துலேர்ந்து அவங்க மலை ஏறக்கூடாது. கீழ உக்காந்து எல்லாரு செருப்பையும் பாத்துக்கணும். சங்கரலிங்கம் தாத்தாவுக்குச் செருப்பு காக்கறதுன்னா வேப்பங்காய். மலைன்னா உசுரு.

"ம்."

அந்த வருஷம் தாத்தா, அவரு மக தமயந்தி, பேத்திங்க குயிலி, சிட்டு, நாலு பேரும் விடியவே கிளம்பிட்டாங்க. குயிலிக்கு எட்டு வயசு, ரொம்பக் கறாரு. சிட்டுக்கு நாலு வயசு, கண்டதை எல்லாம் பொறுக்குவா.

நூறு படி ஏறுனாங்க. சிட்டு, "தாத்தா, இந்தா"ன்னு ஒரு கமர்கட்டை நீட்டுனா. ஆசையாக் குடுக்கறா, வேணாங்க முடியுமா? வாயில போட்டாரு. அவ்வளவுதான். மேல் செட்டும் கீழ் செட்டும் கப்புனு ஒட்டிக்கிச்சு! வாயைத் திறக்க முடியல. உன்னையாட்டம் "ம்... ம்..."னு கொட்டிக்கிட்டு நின்னாரு.

"ம்!"

அப்போ தமயந்தி, "அப்பா, நீங்க கீழ போய் உக்காருங்களேன்"னா. தாத்தா ஒரு மரத்துப் பக்கம் திரும்பி நின்னு, செட்டைப் பிடிச்சு இழுத்தாரு. சளக்! பாட்டில் தண்ணியில அலசி மாட்டிக்கிட்டாரு. அப்புறம் சொன்னாரு: "பல்லுதான்மா கடையில வாங்குனது. காலு என்னோடது. நட."

இன்னும் இருநூறு படி ஏறுனாங்க. ஈரக்காத்து அடிச்சுது. ஹ... ஹ... ஹச்சூ! மேல் செட்டு விர்ர்ர்னு பறந்துச்சு! அப்போ தாத்தா தோள்ல கிடந்த துண்டை உதறி விரிச்சாரு. தொப்! துண்டுக்குள்ள விழுந்துச்சு. தமயந்தி ஓடி வந்து, "போதும்பா, கீழ போயிடலாம்"னா. தாத்தா செட்டைக் கழுவி மாட்டிக்கிட்டு, "காலு என்னோடது. நட."

"ம்."

அப்புறம் ஒரு சுனைகிட்ட உக்காந்து, இலையில புளிச்சோறு வெச்சுத் தின்னாங்க. செட்டுக்கு அடியில ஒரு பருக்கை போய் உக்காந்துக்கிட்டு ஈறைக் குத்துச்சு. கழட்டி அலசுனாரு. சரி, ஈறும் கொஞ்ச நேரம் ஆறட்டும்னு, கையோட கொண்டுவந்த டப்பாவைத் திறந்தா, உள்ள ஒரு மரவட்டை! சுருண்டு படுத்திருக்கு. சிட்டு வேலை. "அதுக்கு வீடு தாத்தா"ங்கறா. என்ன செய்வாரு? ஈர இலையில செட்டைச் சுத்தி பக்கத்துல வெச்சுட்டு, ஒரு நிமிஷம் கண்ணை மூடுனாரு.

ஒரே ஒரு நிமிஷம்தான். முழிச்சுப் பாத்தா, இலையைக் காணோம்!

கல்லுக்கு அடியில பாத்தாங்க, இல்ல. சுனைக்குள்ள துழாவுனாங்க, இல்ல. தாத்தா வாயைத் துண்டால பொத்திக்கிட்டு உக்காந்துட்டாரு. தமயந்தி மெதுவா, "அடுத்த வருஷம் நீங்க கீழயே..."ன்னு ஆரம்பிச்சா. பெரிய மனுஷனுக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

"ம்?"

பொறு, சொல்றேன். அப்போ குயிலி கேட்டா, "தாத்தா, இலையிலயா சுத்தி வெச்சீங்க?" ஆமான்னு தலை ஆட்டுனாரு. "தின்ன இலை எல்லாத்தையும் நான் இந்தப் பையில போட்டு வெச்சிருக்கேனே! மலையில குப்பை போடக்கூடாதுல்ல?" பையைக் கவுத்தா. சரசரன்னு இலை விழுந்துச்சு, ஒண்ணு, ரெண்டு, மூணு... டொக்! பல்செட்டு! மத்தவங்களாட்டம் இலையைப் பள்ளத்துல வீசியிருந்தா என்ன ஆயிருக்கும்? இந்நேரம் ஒரு குரங்கு முப்பத்திரண்டையும் காட்டிச் சிரிச்சுக்கிட்டுத் திரியும்.

"ஐயோ, ஒரே புளி"ன்னு தமயந்தி பிளாஸ்க்கைத் திறந்து சுடுதண்ணியைச் சாய்க்கப் போனா. ஆவி பறக்குது! தாத்தா ஒரே தாவு! "வேணாம்!" செட்டைப் பிடுங்கிக்கிட்டாரு. சுனைத் தண்ணிக்கு மேலயே பிடிச்சு, விரலால தேய் தேய்னு தேச்சு மாட்டிக்கிட்டாரு. எந்திரிச்சாரு. விறுவிறுன்னு ஏறுனாரு, பேத்திங்க ரெண்டு பேரும் பின்னாலயே ஓடுனாங்க.

உச்சியில தேங்காய் உடைச்சாங்க, படார்! தாத்தா சில்லை எடுத்தாரு. முன்பல்லால கடிச்சா செட்டு கிளம்பிடும். அது பல்செட்டு போட்டவங்களுக்குத்தான் தெரியும். அவரு சில்லைக் கடவாய்க்குத் தள்ளி, நிதானமா ஒரே அழுத்து.

கடக்!

மலைக்கே கேட்டுச்சு. குயிலியும் சிட்டும் குதிகுதின்னு குதிச்சாங்க. அப்புறம்தான் திரும்பிப் பாத்தாங்க, அம்மாவைக் காணோம்.

தமயந்தி இருபது படிக்குக் கீழ உக்காந்திருக்கா. முட்டியைப் பிடிச்சுக்கிட்டு தஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு வாங்குறா. தாத்தா இறங்கிப் போய்க் கையை நீட்டுனாரு. அவ அந்தக் கையை விடாமப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னா: "அப்பா, அடுத்த வருஷம் என்னைக் கீழ விட்டுட்டுப் போயிடாதீங்கப்பா."

தாத்தா மடியிலேர்ந்து ரெண்டாவது சில்லை எடுத்து அவ கையில வெச்சாரு. "முதல்ல இதைக் கடி, பாப்போம்"னாரு.

அவ்வளவுதான்டா தங்கம். கதை மலையை விட்டு இறங்கிடுச்சு, நீயும் கண்ணை மூடு.