மௌனிக்கு ஓர் இடம்

பிள்ளையார் முன்னால் தோப்புக்கரணம் போட, தலையைத் தாழ்த்தி எப்படியோ காதுகளைப் பிடித்துக்கொண்டு கீழே போன மரகதம் மேலே வரவில்லை.

"பிள்ளையார் போதும் என்கிறார், அக்கா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மடத்தின் தலைவி செங்கமலத்தம்மா. குருதான்; ஆனால் வயதில் இளையவர். மரகதத்தை அக்கா என்றே கூப்பிடுவார்.

"இன்னும் ஒன்றுகூட முழுசாகப் போடவில்லையே, அம்மா."

"பாதி போட்டீர்களே. பெரிய விஷயம்."

மரகதம் சிரிக்கப் பார்த்து, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். செங்கமலத்தம்மாவும் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

வைரஸ் காய்ச்சல் வந்துபோன பிறகு மரகதத்தின் தொடைகளும் தோள்களும் சொன்னபடி கேட்கவில்லை. கொண்டை போடக்கூடக் கை உயரவில்லை. தசைகளில் அழற்சி என்றார் டாக்டர். கிருமியை விரட்டக் கிளம்பிய உடம்பின் காவல், கிருமி போனது தெரியாமல் சொந்தத் தசையையே அடிக்கிறதாம். மாத்திரை கொடுத்தார். இப்போதைக்கு ஓய்வு, பயிற்சி எப்போது என்று நான் சொல்கிறேன் என்றார். மரகதத்துக்கு அது சோம்பேறிகளுக்குச் சொல்லும் சமாதானமாகப் பட்டது. துறவி உடம்பிடம் கெஞ்சுவதா? யாருக்கும் தெரியாமல் தோப்புக்கரணம் போட வந்துவிட்டாள்.

அந்த மடத்தில் யாரும் தனக்குத் தண்ணீர் இறைத்துக்கொள்வதில்லை. அடுத்தவருக்குத்தான் இறைக்க வேண்டும்.

"எனக்கு எல்லோரும் இறைக்கிறார்கள். நான் யாருக்கும் இறைப்பதில்லை. எனக்கு இங்கே என்ன இடம், அம்மா? துறந்து வந்த மகன் வீட்டுக்கே போய்விடுகிறேன்."

வாசலில் நாய் குரைத்தது. அதன் பெயர் மௌனி. சமையற்கட்டில் புகுந்த குரங்கை அதுதான் துரத்தியது. குரங்கு போய்விட்டது. அதிலிருந்து நாய் மடத்து ஆட்களைத் துரத்திக்கொண்டிருந்தது.

"நேற்று என் சேலைத் தலைப்பைக் கிழித்துவிட்டது. ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடச் சொல்லப்போகிறேன்" என்றார் செங்கமலத்தம்மா.

"ஐயோ, பாவம்! நம்மைக் காப்பாற்றத்தானே அது ஓடியது? மிரட்சி இன்னும் தெளியவில்லை."

"நாலு அடி போட்டால் தெளியுமா?"

"இன்னும் வெறி ஏறும். நிழலில் கட்டி, வேளைக்குச் சோறு வைத்து, தொந்தரவு பண்ணாமல் விடுங்கள். தானாக அடங்கும்."

"அதுவரை காவலுக்கு?"

"நாம் பார்த்துக்கொள்ள மாட்டோமா? இத்தனை வருஷம் அது பார்க்கவில்லையா?"

"அப்படியானால் மௌனிக்கு இங்கே இடம் உண்டு என்கிறீர்கள்."

"உண்டு, அம்மா" என்று வேகமாகச் சொன்ன மரகதம் குனிந்து தன் தொடைகளைப் பார்த்தாள்.

செங்கமலத்தம்மா அவள் பின்னால் நகர்ந்து உட்கார்ந்து, அவிழ்ந்து கிடந்த கூந்தலை அள்ளிக் கொண்டை போட்டுவிட்டார்.