மாடத்தி சொல்லாம விட்ட பாதை

ஒரு ஊர்ல ஒரு மாடத்தி இருந்தா. மலைக் கணவாய்க்குக் கீழ அந்த ஊரு. ஆடி மாசம் காத்து 'ஊய்... ஊய்...'னு அடிக்கும், கொடியில காயுற சேலை அடுத்த தெருவுல போய்க் கிடக்கும். கேக்குறியா கயலு?

ம்.

மாடத்திக்கு ஒரு பொட்டக்காடு. ஒண்ணும் விளையாது. நடுவுல ஒரு ஒத்தையடிப் பாதை மட்டும் உண்டு. அவ கூட்டாளி சண்முகக்கனி அதுலதான் முப்பது ஆட்டையும் 'ட்ர்ரியோ, ட்ர்ரியோ'ன்னு குளத்துக்குத் தண்ணி காட்ட ஓட்டிட்டுப் போவா.

அப்போ கரண்டு எடுக்குற பெரிய காத்தாடி நடுற கம்பெனிக்காரங்க வந்தாங்க. முதல் தடவை, "காத்தாடி நட இடம் தாங்க"ன்னாங்க. யோசிச்சுச் சொல்றேன்னுட்டா. ரெண்டாந்தடவை, "உங்க மகனுக்கு வாட்ச்மேன் வேலை தர்றோம்"னாங்க. அவனும் வேலையில்லாம வீட்டுலதான் இருந்தான், பாவம். மூணாந்தடவை ஒரு ஆபிசர் பத்திரத்தோட வந்தாரு. "ஏம்மா, இந்த நிலத்து வழியா யாரும் போக வர இருக்காங்களா?"

மாடத்திக்குக் கனி ஞாபகம் வந்துச்சு. இருக்காங்கன்னு சொல்லி, இடமே வேண்டாம்னுட்டா? மகன் வேலை போயிடுமே. "யாரும் இல்ல சார்"னுட்டா.

அப்புறம் என்ன, லாரி வந்துச்சு, கிரேன் வந்துச்சு. டங் டங்குன்னு சுத்திவர கம்பி வேலி அடிச்சாங்க. மேல இறக்கை 'வூம்... வூம்...'னு சுத்த ஆரம்பிச்சுச்சு.

கனி ஆடுகளோட வந்து வேலி முன்னாடி நின்னா. "உங்கிட்ட கேக்காமலா அடைச்சாங்க?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது கனி"ன்னா மாடத்தி.

அப்புறம் கனி பெரிய ரோட்டைச் சுத்தி ஓட்டிட்டுப் போனா. ஒரு நாள் லாரி மோதி நாலு ஆடு செத்துப்போச்சு. மிச்சத்தை வித்துட்டு உடுமலைப் பக்கம் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா. மாடத்திகிட்ட சொல்லிட்டுப் போகல.

"காத்தாடி கெட்டதா சித்தி?"

இல்லடி. அது பாட்டுக்குச் சுத்துது, நமக்குக் கரண்டு தருது. தப்பு மாடத்தி வாயில இருந்துச்சு.

நாலு வருசம் அவளுக்குச் சோறு சரியா இறங்கல. ஒரு நாள் பஸ் ஏறிட்டா. ஜன்னல் வழியாப் பாத்தா தேனிப் பக்கமும் காத்தாடி, உடுமலையிலயும் காத்தாடி. இதுக்கடியில எல்லாம் யார் யார் நடந்த பாதை கிடக்கோன்னு நினைச்சுக்கிட்டே போனா.

தங்கச்சி வீட்டுல கனி கயித்து ஆலையில வேலை முடிஞ்சு அப்பத்தான் வந்து உக்காந்திருந்தா.

"கனி, அன்னைக்கு எங்கிட்ட கேட்டாங்க. நான்தான் யாரும் இல்லைன்னேன்."

"தெரியும். அந்த ஆபிசரே சொன்னாரு. நீயா வந்து சொல்லுவேன்னு ஊரை விட்டுக் கிளம்புற வரைக்கும் பாத்துக்கிட்டிருந்தேன்."

"இப்போ வந்துருக்கேன்ல. ஊருக்கு வா. வேலியைத் திறக்கச் சொல்றேன்."

"திறந்தா? ஆடு எங்க இருக்கு மாடத்தி?"

அப்புறம் சோறு போட்டா. சாப்பிட்டாங்க. கனி பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தா, ஊருக்கு மட்டும் வரல.

அதுக்கப்புறம் எந்த ஊர்ல புதுசா காத்தாடி நட வந்தாலும் மாடத்தி போய் நிப்பா. "கையெழுத்துக்கு முன்னாடி, இதுல நடக்குறவங்களைக் கேளுங்க"ம்பா.

"கேட்டாங்களா?"

ரெண்டு ஊர்ல கேட்டாங்க. மத்த ஊர்ல கேக்கல.

"கனி வரவே இல்லையா?"

வரல கண்ணு. கதை இவ்வளவுதான். நீ கண்ணை மூடு, தூங்கு.