ஜெபமாலையில் முடிச்சு விழுந்த கதை

அந்தக் காலத்தில் விதைகளுக்கும் வாய் இருந்தது. இருந்த வாய் சும்மா இருக்குமா? அதுதான் வினை.

மலையடிவாரத்தில் உலகம்மை என்றொருத்தி இருந்தாள். ருத்திராட்ச மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் நீலப் பழங்களைப் பொறுக்கி, ஊறவைத்து, தோலை உரித்து, கொட்டையைத் தேய்த்துக் கழுவி ஜெபமாலை கோப்பாள். மடத்துச் சாமியார்கள் அவள் கோத்த மாலையைத்தான் கேட்டு வாங்குவார்கள். அப்போதெல்லாம் மாலையில் முடிச்சு கிடையாது. மணியும் மணியும் ஒட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கும்.

கொட்டையின் மேல் ஓடுகிற கோடுகளை முகம் என்பார்கள். இரண்டு முகம் இருந்தால் அம்மையப்பன். ஆறு என்றால் முருகன். ஐந்து முகம் பஞ்சபூதத்தைச் சொல்லும்; கூடை கூடையாகக் கிடைப்பது அதுதான். ஒரே கோடு உள்ளது ஏகமுகம். சாட்சாத் சிவனே என்று கும்பிடுவார்கள். அப்போது மரத்துக்கு நாலைந்தாவது கிடைத்துக்கொண்டிருந்தது.

ஒரு நாள் உலகம்மை மரத்தடியிலேயே உட்கார்ந்து நூற்றெட்டு மணி கோத்தாள். நூற்றேழு ஐந்துமுகம், ஒன்றே ஒன்று ஏகமுகம். அதன் பக்கத்தில் உட்கார்ந்த ஐந்துமுகத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"ஒரு கோடுதானே இருக்கு? இலந்தைக்கொட்டையா இருக்குமோ?" என்று அடுத்த மணியின் காதில் ஓதியது. அது அடுத்ததற்கு ஓதியது. மாலையைச் சுற்றி வருவதற்குள், யாரோ இலந்தைக்கொட்டையில் கோடு கீறிச் சேர்த்துவிட்டார்கள் என்று முடிவே ஆகிவிட்டது.

பேச்சு உலகம்மை காதுக்கும் எட்டியது. "சீ, வாயைக் கழுவுங்க!" என்று அதட்டினாள். அதட்டினாளே தவிர, மனசு கேட்கவில்லை. ஏகமுகத்தை உருவிச் சொம்புத் தண்ணீரில் போட்டாள். அசல் மூழ்கும், போலி மிதக்கும் என்பது கணக்கு. ஏகமுகம் மூழ்கியது.

"உள்ளே ஈயம் ஊத்தியிருப்பாங்க" என்றது ஐந்துமுகம்.

இரண்டு செப்புக்காசுக்கு நடுவே வைத்தாள். அசல் என்றால் தானாகச் சுழலும். சுழன்றது.

"நீ விரலால தள்ளிவிட்டே, தாயி. நான் பார்த்தேன்."

ஏகமுகம் உலகம்மையிடம் கெஞ்சியது. "ஆத்தா, நீயே குனிஞ்சு என்னைப் பொறுக்கினே. உன் நகத்தாலதான் என் தோலை உரிச்சே. என்னைத் தெரியலையா?"

உலகம்மை திருதிருவென்று முழித்தாள். பொறுக்கியது நினைவிருந்தது. ஆனால் பொறுக்கியது இதைத்தானா? கழுவப் போட்ட இடத்தில் யாராவது மாற்றி வைத்திருந்தால்? பக்கத்து வீட்டுக்காரி நேற்று எதற்கு வந்துவிட்டுப் போனாள்? போலியை மடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தால் அப்புறம் எவன் அவளை நம்புவான்?

"பொளந்து பாரேன்" என்றது ஐந்துமுகம். "எத்தனை முகமோ, உள்ளே அத்தனை விதை இருக்கணும்."

"பொளந்தா நான் செத்துப்போவேன், ஆத்தா."

"அசலா இருந்தா பயம் எதுக்கு?"

"அதானே!" என்றன மற்ற நூற்றாறும்.

உலகம்மை பாக்குவெட்டியை எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். உள்ளே ஒரே அறை. ஒரே விதை, வெள்ளையாக, இரண்டு துண்டாகிக் கிடந்தது.

முதலில் வாயைத் திறந்தது ஐந்துமுகம்தான். "நான் சந்தேகம்தானே கேட்டேன்? வெட்டினது யாராம்?"

அடப்பாவி! நாக்கா அது?

உலகம்மை தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "என் கையால பொறுக்கினதை என் கையாலேயே கொன்னுட்டேனே!" அழுதபடியே மாலையை அவிழ்த்து, மறுபடி கோத்து, ஒவ்வொரு மணிக்கும் நடுவே இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டாள். "இனிமே எவன் வாயும் எவன் காதிலயும் படக்கூடாது." மணிகள் கத்திப் பார்த்தன. முடிச்சைத் தாண்டிச் சத்தம் போகவில்லை. நாளடைவில் பேச்சே மறந்துபோயிற்று.

மேலே நின்ற மரமும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. பிறகு ஏகமுகம் காய்க்க அதற்கு மனம் வரவில்லை.

அன்று முதல்தான் ஜெபமாலையில் மணிக்கு மணி முடிச்சு விழுந்தது, ஏகமுகம் குதிரைக்கொம்பானது. அப்படியே ஒன்று நம் கையில் வந்து விழுந்தாலும், கும்பிடுவதற்கு முன்னால் சந்தேகப்படுகிறோம்.