எந்த வரிசை வரை

குன்னூரில் ஒரு குரு இருந்தார். ஓசூரில் அவருக்கு ஒரு சீடர் இருந்தார். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. குருவுக்கு வயது முப்பத்தேழு, சீடருக்கு அறுபத்து நான்கு.

குருவின் பெயர் ஜெசிந்தா. பகலில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. மிச்ச நேரத்தில் வாட்ஸப்பில் 'ஊசியும் நூலும்' என்று ஒரு குழுவை நடத்தினார். கம்பளி நூலில் ஸ்வெட்டர், குல்லா, மப்ளர் பின்னுகிறவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர் அதில் இருந்தார்கள். பாதிப் பேர் வெயில் ஊர்க்காரர்கள். மதுரையில் உட்கார்ந்துகொண்டு யாருக்காக இத்தனை ஸ்வெட்டர் என்று கேட்கக் கூடாது. பின்னுகிறவர்களிடம் அந்தக் கேள்வி செல்லாது.

குழுவில் நாள் முழுக்கப் பேச்சு ஓடும். கை வேர்த்தால் கொஞ்சம் பவுடர் போட்டுக்கொள்ளுங்கள் என்பார் ஒருவர். எண்ணிக்கை மறந்துபோனால் பத்து வரிசைக்கு ஓர் ஊக்கு குத்தி வையுங்கள் என்பார் இன்னொருவர். யாராவது பாதி பின்னியதைப் படம் எடுத்துப் போட்டால் கைதட்டலும் இதயமுமாக வந்து கொட்டும்.

சீடரின் பெயர் தணிகாசலம். முப்பத்தோரு வருடம் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தவர். எஞ்சினுக்குள் போகும் உருளைகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பார். சரியாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார், அது தானாக நகர்ந்து போய்விடும். தப்பாக இருந்தால் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டுத் தள்ளி வைப்பார்.

ஓய்வு பெற்ற மறு வருடம் லேசாகப் பக்கவாதம் வந்து வலது கை விரல்கள் மரத்துப்போயின. விரலுக்கு வேலை கொடுங்கள், பின்னல் பழகுங்கள் என்று பயிற்சி கொடுத்த பெண் சொல்லிவிட்டாள். வேறு வழியில்லாமல் குழுவுக்குள் வந்தார். ஜெசிந்தா வீடியோவில் ஒவ்வொரு விரலாகச் சொல்லிக்கொடுத்தார். ஆறு மாதத்தில் விரல்கள் திரும்பிவிட்டன. அந்த நன்றியில், தன் மகளைவிடச் சின்னப் பெண்ணை வாய் நிறைய டீச்சர் என்று கூப்பிட்டார்.

பின்னலிலும் அவர் பரிசோதகர்தான். ஊசியில் ஏறி நிற்கும் நூல் வளையத்தைக் கண்ணி என்பார்கள். ஒரு வரிசை முடிந்ததும் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு கண்ணியாக எண்ணுவார். கணக்குச் சரியாக இருந்தால்தான் அடுத்த வரிசை. பின்னியதைத் தான் பிரித்ததே இல்லை என்று குழுவில் இரண்டு முறை எழுதியிருக்கிறார். யாரும் கேட்காமலேதான்.

டீச்சரிடம் அவருக்கு ஒரே ஒரு குறை. எதையும் கறாராகச் சொல்ல மாட்டேன் என்கிறார். திருப்பத்தூர்ப் பெண் ஒருத்தி கோணல்மாணலாக ஒரு குல்லாவைப் போட்டால், "பதினெட்டு வரிசை வரை பூ மாதிரி வந்திருக்கு. அடுத்ததை நிதானமாப் போடுங்க" என்று எழுதுவார். நாகர்கோவில்காரர் ஒருவரின் மப்ளருக்கு, "அறுபதாவது வரிசை வரைக்கும் கண்ணை எடுக்க முடியல" என்பார். தணிகாசலம் அதை மனைவியிடம் காட்டி, டீச்சர் எல்லாருக்கும் சர்க்கரைத் தண்ணி ஊற்றுகிறார் என்று சிரிப்பார்.

ஒருநாள் வீடியோவில் கேட்டே விட்டார்.

"தப்பைச் சொல்லாம எப்படி டீச்சர் திருந்துவாங்க?"

"சொல்லலாம் சார். நீங்க நல்லாப் பாக்கறீங்க," என்றார் ஜெசிந்தா.

சீடர் அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டார்.

ஐப்பசியில் நீலகிரியில் மழை பிடித்துக்கொண்டது. மரங்கள் சாய்ந்து குன்னூரில் நாலு நாள் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. போன் அணைவதற்கு முன் ஜெசிந்தா குழுவில் ஒரு வரி எழுதியிருந்தார். நான் வரும்வரை தணிகாசலம் சார் பார்த்துக்கொள்வார்.

அவர் பார்த்துக்கொண்டார். போனில் படத்தின் மேல் சிவப்பு வட்டம் போட வசதி இருப்பதை அப்போதுதான் கண்டுபிடித்திருந்தார். நாலு நாளில் பத்தொன்பது வட்டம்.

அதில் ஒன்று செங்கமலத்தின் படத்தில். வேலூருக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர். அவருடைய ஒரே மகள் பிருந்தா எல்லைக் காவல் படையில் சேர்ந்து, பயிற்சி முடித்து, லீவில் வந்திருந்தாள். லீவு முடிந்ததும் பனி விழும் இடத்துக்குப் போகிறாள். படையில் உடுப்பு கொடுப்பார்கள்தான். ஆனாலும் உள்ளே போட்டுக்கொள்ள அம்மா கையால் ஒன்று இருக்கட்டும் என்று, செங்கமலம் இரண்டு மாதமாக டேபிள் ஃபேன் முன்னால் உட்கார்ந்து பச்சை ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். முதுகும் கைகளும் முடிந்துவிட்டன. முன்பக்கம் மட்டும் பாக்கி, அதிலும் கழுத்து ஒன்றுதான். ரயிலுக்கு ஒன்பது நாள் இருந்தது.

முன்பக்கத்தின் நடுவில் தலைமுடிச் சடை மாதிரி முறுக்கு வேலை. தணிகாசலம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மொத்தம் நூற்று நாற்பது வரிசை. தொண்ணூற்றாறாவது வரிசையில் சடை வலப்பக்கம் திரும்புவதற்குப் பதில் இடப்பக்கம் திரும்பியிருந்தது. வட்டம் போட்டார். கீழே எழுதினார்: "96ஆம் வரிசை தவறு. பிரித்துச் சரி செய்யவும்."

செங்கமலம் ஒரு கும்பிடு போட்டு, சரிங்க சார் என்று பதில் அனுப்பினார். அதோடு சத்தமே இல்லை. மழை விட்டு வந்த ஜெசிந்தா இரண்டு முறை விசாரித்தும் பதில் வரவில்லை.

பத்தாம் நாள் காலை குழுவில் ஒரு படம் வந்தது. ஒரு முறம் நிறையப் பச்சை நூல். அவித்த சேமியா மாதிரி சுருண்டு சுருண்டு கிடந்தது. கீழே செங்கமலம் எழுதியிருந்தார்: "புள்ள நேத்து ரயில் ஏறிடுச்சி. எல்லாருக்கும் நன்றி." அடுத்த நிமிடம் அவர் குழுவை விட்டு விலகிவிட்டதாகப் போன் அறிவித்தது.

தணிகாசலம் உடனே செங்கமலத்துக்குப் போன் போட்டார். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தார். அவர் திட்டவில்லை. நீங்க சொன்னது சரிதான சார், தப்பு இருந்துச்சி, என் கைதான் வெளங்கல என்று சொல்லி வைத்துவிட்டார். நாலு திட்டு விழுந்திருந்தால் தேவலை என்று இருந்தது இவருக்கு.

போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, குருவை வீடியோவில் அழைத்தார்.

"நான் தொண்ணூத்தாறுன்னுதான் டீச்சர் எழுதினேன். அந்தம்மா எதுக்கு அடி வரைக்கும் பிரிச்சாங்க?"

ஜெசிந்தா வேறொன்று கேட்டார்.

"உங்க கையில இப்ப என்ன இருக்கு சார்?"

சாம்பல் நிறத்தில் தனக்கே ஓர் அரைக்கை ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். முதுகுப் பக்கம் நூற்றுப் பன்னிரண்டு வரிசை. ஒரு கண்ணி பிசகில்லை. எடுத்துக் காட்டினார்.

"ஊசியை உருவுங்க."

அவர் ஸ்வெட்டரைப் பார்த்தார். பிறகு குருவைப் பார்த்தார்.

"உருவிட்டு, நூலை இழுத்து ஒரு பத்து வரிசை பிரிங்க. நூத்திரண்டுல நிறுத்தி, கண்ணியெல்லாம் திரும்ப ஊசியில ஏத்துங்க."

உருவினார். நூலை இழுத்ததும் வரிசைகள் பொலபொலவென்று வந்தன. பத்து எண்ணி நிறுத்தினார். ஊசியை எடுத்துக் கண்ணிகளை ஏற்ற ஆரம்பித்தார். ஊசி இல்லாமல் நிற்கும் கண்ணி எப்படி இருக்கும் என்று அவர் அதுவரை பார்த்ததில்லை. ஒன்றைப் பிடித்தால் பக்கத்தில் உள்ளது நழுவி இரண்டு வரிசை கீழே இறங்கியது. அதைப் பிடிக்க அந்த வரிசை வரை பிரித்தார். அங்கே இன்னும் மூன்று இறங்கின. வலது கை விரல்கள் பழையபடி முரண்டு பிடித்தன. நூறு போனது, தொண்ணூறு போனது. நெற்றி வேர்த்தது. திரையில் ஜெசிந்தா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"எந்த வரிசையில நிக்கறீங்க சார்?"

"தெரியல டீச்சர்."

நூலின் மேல் கோபம் கோபமாக வந்தது. தன் மேல் அதைவிடக் கோபம். கை அவரைக் கேட்காமலே நூலைப் பிடித்து வேகமாக இழுத்தது. மடியில் சாம்பல் நூல் குவிந்தது.

"முழுசாப் பிரிச்சுட்டா நிம்மதின்னு இருக்கு," என்றார்.

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது. கை நின்றது.

ஜெசிந்தா டம்ளரை வைத்துவிட்டுத் தன் பின்னலை எடுத்துத் திரைக்கு அருகில் காட்டினார். நீலச் சால்வை. அதில் மூன்று இடத்தில், குறுக்கே, மெல்லிய வெள்ளைத் தையல்நூல் ஓடியிருந்தது.

"இது என்ன டீச்சர்?"

"காவல் நூல். இது வரைக்கும் சரின்னு பாத்துட்டு, அந்த வரிசைக் கண்ணி எல்லாத்துக்குள்ளயும் ஒரு நூலை விட்டுருவேன். மேல எங்க தப்பினாலும், பிரிச்சா இங்க வந்து நின்னுடும்."

தணிகாசலம் வெகு நேரம் அந்த வெள்ளை நூலையே பார்த்தார். அவருக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

"இதைக் குழுவுல யாருக்கும் நீங்க சொன்னதே இல்லையே."

"தினமும் எழுதறேனே சார்," என்றார் ஜெசிந்தா. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டார்.

தணிகாசலம் மடியில் குவியலோடு உட்கார்ந்து குழுவின் பழைய செய்திகளை மேலே தள்ளித் தள்ளிப் படித்தார். பதினெட்டு வரிசை வரை. அறுபதாவது வரிசை வரைக்கும். இருபத்தேழு வரிசையும் அச்சுல வார்த்த மாதிரி. படங்களைப் பெரிதாக்கினார். திருப்பத்தூர்க் குல்லாவில் கோணல் தொடங்கியது பத்தொன்பதில். மப்ளரில் அறுபத்தொன்றில். டீச்சரின் எண்கள் ஒன்றுகூடத் தப்பவில்லை.

தள்ளிக்கொண்டே போனதில் அவருடைய முதல் படமும் வந்தது. தடி ஊசியில் இருபது கண்ணி, ஏழு வரிசை. அதற்கு டீச்சர் எழுதியிருந்தார்: "முதல் நாலு வரிசை நல்லா வந்திருக்கு சார். அஞ்சாவதை நாளைக்குச் சேர்ந்து போடலாம்."

ஏழாவது வரிசை கண்றாவியாக இருந்தது. ஆறு, ஐந்தும் அப்படித்தான். ஆக, அன்று அவர் பிரித்திருக்கிறார். பிரித்து, நாலில் வந்து நின்றிருக்கிறார். அப்படி ஒன்று நடந்ததே அவருக்கு நினைவில்லை.

மத்தியானம் குருவுக்கு எழுதினார். எனக்குப் புரிகிறது, ஆனால் அந்தம்மாவிடம் இப்போது போய் எந்த வரிசையைச் சொல்வது, எல்லாம் பிரிந்துபோனதே என்று கேட்டார்.

"படம் இருக்குல்ல சார்," என்று பதில் வந்தது.

செங்கமலத்தின் படத்தை எடுத்தார். அடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு வரிசையாக, முடிந்தவரை ஒவ்வொரு கண்ணியாகப் பார்த்தார். முப்பத்தோரு வருடப் பழக்கம், ஒரு பிசகாவது கிடைக்கும் என்று கண் தேடியது. கிடைக்கவில்லை. முடிக்கும்போது சாயங்காலக் காப்பி ஆறிப்போயிருந்தது. படத்தில் சிவப்பு வட்டத்தை அழித்தார். தொண்ணூற்றைந்தாவது வரிசையின் மேல் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு போட்டார். 'இதுவரைக்கும் சரிம்மா. எண்ணிட்டேன்' என்று எழுதி அனுப்பினார்.

பதில் வரவில்லை. அரை மணி கழித்துப் போனே வந்தது.

"தொண்ணூத்தஞ்சும் சரியாவா சார் இருந்துச்சி?"

"தொண்ணூத்தஞ்சும்மா."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் டேபிள் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

"நூலு பூரா சுருண்டு கெடக்குது சார்," என்றார் செங்கமலம். "இதை மறுபடி பின்னணும்னா நேராவுமா?"

பிரித்தே பழகாத மனிதருக்கு அது எப்படித் தெரியும்? தெரியலைம்மா, டீச்சரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். வாழ்க்கையில் 'தெரியலை' என்ற வார்த்தையை அவர் அதிகம் சொன்னதில்லை. அந்த அழைப்பை வைத்துவிட்டு உடனே குன்னூருக்குப் போட்டார்.

"சுருண்ட நூல் நேராகுமா டீச்சர்?"

"ஆகும் சார். தண்ணியில ஊறவிட்டு, பிழியாம எடுத்து, நிழல்ல தொங்கவிடச் சொல்லுங்க. யாரும் பிடிச்சு இழுக்க வேண்டாம், தன்னால நேராகிடும்."

எழுதிக்கொண்டார்.

"உங்களோடதையும் அப்படியே போடுங்க," என்றார் ஜெசிந்தா.